தோஷக்காரியின் கைத்தண்ணீர்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு மத்தியானம், எங்கள் பால்காரர் என்னைக் கொலைப் பழிக்கு அழைத்துப் போக வந்தார்.

மரியாதையாகத்தான் அழைத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். "அம்மா, நீங்க ஒரு தபா எங்க வூட்டுக்கு வந்துட்டுப் போவணும்."

ஏகாம்பரத்தை உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரருக்கு உத்திரமேரூர் பேங்க்குக்கு மாற்றலாகி நாங்கள் இங்கே வந்த நாளிலிருந்து சைக்கிளில் பால் கொண்டுவருகிறவர். அவர் பாலில் விடும் தண்ணீரைப் பற்றி இந்தப் பத்திரிகைப் பத்தியில் ஒரு வாரம் முழுக்கப் புலம்பியிருக்கிறேன். மானாம்பதிக்குப் பக்கத்தில் அவர் ஊர். நாலு மாடு, கொஞ்சம் நிலம், கோமளா என்று ஒரு மனைவி, தேவகி என்று ஒன்பது மாதத்தில் ஒரு பெண் குழந்தை.

அந்தக் குழந்தைக்குத்தான் முந்தின வெள்ளிக்கிழமை காதுகுத்து. போய்விட்டு வந்திருந்தேன். சாப்பாடு பிரமாதம். இப்போது எதற்கு மறுபடி கூப்பிடுகிறார்? ஏதாவது விட்டுப்போன சடங்கோ, சீரோ என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது... இரண்டு காலையாகப் பால் வரவில்லை.

"குழந்தை நல்லா இருக்கா?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

பஸ் சாயங்காலம்தான். சைக்கிள் கேரியரில் உட்காரச் சொன்னார். பேங்க் ஆபீசர் மனைவி பால்கேனுக்குப் பதிலாகக் கேரியரில் உட்கார்ந்து கடைத்தெரு வழியாகப் போவதை ஊரே வேடிக்கை பார்த்தது. ஏகாம்பரம் முன்னால் பார்த்து மிதித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். முகத்தைக் காட்டாமல் சொல்வது அவருக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து குழந்தைக்குப் பேதி. பச்சையாகப் போகிறது. வாந்தி வேறு. கண் உள்ளே போய்விட்டது, உச்சிக்குழி விழுந்துவிட்டது. எல்லோரும் பார்த்து ஒரே மாதிரி சொல்லிவிட்டார்கள்... தோஷம். யார் தோஷம்? காதுகுத்து அன்றைக்கு வெளியூரிலிருந்து வந்த காலோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் காலில் விடாமல், நேராக வந்து குழந்தையைத் தூக்கியது யார்?

நான்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் சொல்லல. எங்க அக்கா சொல்லுது" என்றார் ஏகாம்பரம்.

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பயமாக எடுத்துக்கொண்டேன். ஏனென்றால் அன்றைக்கு நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. காது குத்தின வலியில் குழந்தை வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. நான் பஸ்ஸை விட்டு இறங்கி வேர்க்க வேர்க்க உள்ளே நுழைந்தேன். தூக்கி ஆட்டினேன். அழுகையை நிறுத்த என் விரலை நீட்டினேன். குழந்தை அதைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பியது. சமர்த்து என்று எல்லோரும் சிரித்தார்கள். அது உத்திரமேரூரிலிருந்து பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்த விரல்.

தோஷம், திருஷ்டி, கழிப்பு... இதையெல்லாம் எத்தனை வாரம் இங்கே கிண்டலடித்திருக்கிறேன்? அன்றைக்குக் கேரியரில் உட்கார்ந்துகொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இது அந்த வீட்டுக் கிணற்றுத் தண்ணீராலும் வந்திருக்கலாம், கழுவாத பால் பாட்டிலாலும் வந்திருக்கலாம். ஆனால் என் விரலால் வரவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாதே!

வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டம். நான் இறங்கியதும் பேச்சு நின்றது. கைக்குழந்தை வைத்திருந்த ஒருத்தி முந்தானையால் குழந்தையை மூடிக்கொண்டாள்.

உள்ளே கோமளாவின் மடியில் தேவகி கிடந்தாள். போன வெள்ளிக்கிழமை காதில் புதுக் கம்மலோடு கத்திய குழந்தையா இது? கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடத் தைரியமாக இருந்திருக்கும். கண் பாதி மூடி, உதடு காய்ந்து, மரப்பாச்சி மாதிரி கிடந்தது. கம்மல் மட்டும் மினுங்கியது.

மூலையில் நர்சம்மா சரோஜா நின்றிருந்தாள். சுற்று வட்டார ஊர்களுக்கெல்லாம் அவள் ஒருத்திதான். அவள் பக்கத்தில் தட்டு போட்டு மூடிய ஒரு பெரிய பித்தளைச் சொம்பு. என்னை ஒதுக்குப்புறமாக இழுத்து, காதோடு சொன்னாள். உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் அளவாகப் போட்டுக் கலந்து காலையிலிருந்து வைத்துக்கொண்டு கெஞ்சுகிறாள். ஒரு சொட்டு விடவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகலாம் என்றால், தோஷம் இறங்காமல் குழந்தை வாசல்படி தாண்டக் கூடாதாம்.

"பஸ் வர்ற வரைக்கும் ஏதாவது உள்ள போகணும் மேடம். இல்லேன்னா பஸ் வந்தும் பிரயோசனம் இல்ல" என்றாள்.

ஏன் தண்ணீர் தரவில்லை? ஏகாம்பரத்தின் அக்கா பச்சையம்மாவைக் கேட்டேன். அந்த வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். கோபமாகப் பதில் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"ஊத்த ஊத்தக் கொட்டுது. பானை ஓட்டைன்னு தெரிஞ்சும் யாராச்சும் தண்ணி ஊத்திக்கினு இருப்பாங்களா? இதே மாரி ரெண்ட நான் வாரிக் குடுத்தவ. எனக்குத் தெரியாதா?"

இரண்டு குழந்தைகளைப் புதைத்தவளிடம் எதைச் சொல்லி வாதாடுவது? அவள் கொடுமைக்காரி இல்லை. அவளும் என்னைப் போலத்தான், பயந்துபோயிருந்தாள். எனக்கு மூன்று மணி நேரப் பயம், அவளுக்கு முப்பது வருஷப் பயம்.

எதற்கு என்னை வரவழைத்தார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. உதைக்க இல்லை. தோஷத்துக்கு அங்கே ஒரு பரிகாரம் இருக்கிறது. யாரால் தோஷம் வந்ததோ அவள் தலையோடு குளித்து, ஈரப் புடவையோடு வந்து, தன் கையால் மூன்று கைத்தண்ணீர் குழந்தை வாயில் விட வேண்டும். அதுவரை வேறு யார் கையாலும் சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. பெற்றவள் கையாலும் கூடாது.

வேறு யார் கையாலும் கூடாது... அப்படியென்றால் என் கையால் கூடும்!

நர்சம்மாவைப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். காலையிலிருந்து படித்த நர்ஸ் கொடுக்க முடியாத தண்ணீரை அந்த வீட்டில் கொடுக்க ஒரே ஒருத்திக்குத்தான் அதிகாரம் இருந்தது. அது குற்றவாளிக்கு.

கிணற்றடியில் உட்கார வைத்து வாளி வாளியாகத் தலையில் ஊற்றினார்கள். ஊற்றின பெண்கள் யாரும் என்னோடு பேசவில்லை. கையை மட்டும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்கிறேன் என்றேன். அதற்கு ஒன்றும் ஆட்சேபணை இல்லை. புடவை தண்ணீர் சொட்டச் சொட்ட உள்ளே போய் உட்கார்ந்தேன். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். ஒரு கனமும் இல்லை.

"மூணு கை விட்டுட்டு எயுந்திரிங்க" என்றாள் பச்சையம்மா.

மூன்று கை! ஓட்டைப் பானைக்கு மூன்று கைத்தண்ணீர் எந்த மூலைக்கு? எழுந்துவிட்டால் என் அதிகாரம் அதோடு முடிந்தது. என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே தொழில் கதை எழுதுவது. எழுதுகிறவளின் நாக்குதானே... அதுவாகவே புரண்டது.

"என் தோஷம் மூணு கையில இறங்காதுங்க" என்றேன். "அன்னிக்கு நான் பஸ்ல வரும்போது எதிர்ல ஒரு சாவு போச்சு. எட்டிப் பார்த்தேன். பார்த்த கண்ணோட, குளிக்காம வந்து குழந்தையைத் தூக்கிட்டேன். சொம்பு காலியாகிற வரைக்கும் நான் எழுந்திருக்கக் கூடாது."

எந்தச் சாவும் போகவில்லை. சுத்தப் பொய்.

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. ஏகாம்பரம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கோமளா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்கு வராது. அதுவரை அவளுக்கு நான் தெரியாமல் தப்பு செய்தவள். அந்த நிமிஷத்திலிருந்து தெரிந்தே செய்தவள்.

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே புரிந்தது, என்ன காரியம் செய்திருக்கிறேன் என்று. இந்தக் குழந்தைக்கு ஏதாவது ஆனால்? நானே ஒப்புக்கொண்டாயிற்று. இத்தனை சாட்சி. வாசலில் இருக்கிற கூட்டத்தைத் தாண்டி நான் வீடு போய்ச் சேர வேண்டும். அதைவிட, அதற்குப் பிறகு நான் கண்ணாடி பார்க்க வேண்டும்.

"நர்சம்மா சொம்பைக் கொண்டாங்க. உப்புத் தண்ணிதான் வேணும். உப்பில்லாம எந்தத் தோஷம் இறங்கியிருக்கு?" என்றேன். அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. உப்பைச் சுற்றிப் போடாத வீடு உண்டா? பச்சையம்மாவுக்கு ரொம்பவே நியாயமாகப் பட்டுவிட்டது. உள்ளே போய்க் கை நிறைய உப்பை அள்ளிக்கொண்டு வந்து சொம்பில் போடப் போனாள். நர்சம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. உப்பு கூடினால் அதுவே குழந்தைக்கு எமன். கண்ணீருக்கு மேல் கரிக்கக் கூடாது என்று அவள் முன்பே எனக்குச் சொல்லியிருந்தாள். நான் பச்சையம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"என் தோஷம். உப்பும் என் கணக்குதான்" என்றேன்.

பச்சையம்மா என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு உப்பை முற்றத்தில் வீசினாள். நான் ஒரு சொட்டு வாயில் விட்டுப் பார்த்தேன். என் கன்னத்தில் வழிந்துகொண்டிருந்ததை விடக் கரிப்பு குறைச்சல்தான்.

முதல் கை. உதட்டோரம் வழிந்தது. இரண்டாவது கொஞ்சம் உள்ளே போனது. மூன்றாவதில் எல்லாம் வாந்தியாக என் கையில் வந்தது.

"சொன்னனே" என்றாள் பச்சையம்மா. கோபத்தில் இல்லை, துக்கத்தில்.

நர்சம்மா கண்ணைக் காட்டினாள்... பொறு. கொஞ்சம் விட்டு, பாலாடைச் சங்கில் எடுத்து, நாக்கு ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னாள். விட்டேன். மறுபடி விட்டேன். குழந்தை விழுங்குகிறதா, என் பிரமையா என்று தெரியவில்லை. தொண்டையில் விரலை வைத்துப் பார்க்கப் பயம். மூச்சு இருக்கிறதா என்று பார்க்க அதைவிடப் பயம்.

எதிர்ச் சுவரில் நர்சம்மா ஒட்டிய ஒரு போஸ்டர் இருந்தது. எந்தத் தேசத்திலோ அச்சடித்தது. கொழு கொழுவென்று ஒரு வெள்ளைக்காரக் குழந்தை ஒரு டம்ளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இந்த உப்பு-சர்க்கரை மருந்து பாக்கெட்டாகவே உலகமெல்லாம் போகிறதாம். பிரித்து ஒரு லிட்டரில் கொட்டினால் போதுமாம். எங்கள் பக்கத்துக்குப் போஸ்டர் வந்துவிட்டது, பாக்கெட் வரவில்லை. அந்தக் குழந்தை சிரிக்கச் சிரிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் தங்கை லண்டன் பக்கம் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது சொன்னாள், அவள் பையனுக்கும் இதே பேதி, இதே வாந்தி வந்ததாம். டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, இரண்டு நாள் ஸ்கூலுக்கு லீவு போடச் சொன்னாராம். அவ்வளவுதான். அவள் அந்தக் கதையைத் தேங்குழல் கடித்துக்கொண்டே சொன்னாள். நானும் கடித்துக்கொண்டே கேட்டேன்.

ஒரே வியாதி. ஒரே மருந்து, அதுவும் எந்த அடுப்படியிலும் இருக்கிற உப்பும் சர்க்கரையும். அங்கே பேதி என்றால் லீவு. இங்கே பேதி என்றால் தோஷம். கிருமிக்குப் பாஸ்போர்ட் கிடையாது, எல்லா ஊருக்கும் போகிறது. குழந்தை எந்த ஊர்க் குழாயடியில் பிறந்தது என்பதைப் பொறுத்து அது லீவாகவோ காரியமாகவோ முடிகிறது. இது எந்தக் கடவுளின் தோஷம்? இதற்கு யார் தலையில் வாளித் தண்ணீர் ஊற்றுவது?

இப்படி என்னென்னவோ ஓடியது மண்டைக்குள். உண்மையைச் சொன்னால், குழந்தையின் முகத்தைப் பார்க்கப் பயந்துகொண்டுதான் அந்த போஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் முற்றத்தைத் தாண்டிச் சுவரில் ஏறியது. சொம்பில் பாதிக்கு மேல் போயிருந்தது. கால் மரத்துவிட்டது. புடவை பாதி காய்ந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. வாசலில் யாரோ விளக்கேற்றச் சொன்னார்கள். யாரோ, இப்ப எதற்கு என்றார்கள். அது தலைமாட்டில் வைக்கிற விளக்கு என்று எனக்குத் தெரியும். பாலாடை கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அப்போது மடியில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது.

கிணற்றுத் தண்ணீர் சில்லென்றுதானே இருக்கும்? நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். வெதுவெதுப்பு முழங்கால் வரை இறங்கியது. "நர்சம்மா..." என்று கூப்பிட்டேன். அவள் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு, அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

குழந்தை ஒன்றுக்குப் போயிருந்தது. காலையிலிருந்து இல்லாதது. உடம்புக்குள் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

"தோசம் எறங்கிடுச்சி" என்றாள் பச்சையம்மா. வாசல் பக்கம் திரும்பி உரக்க இன்னொரு முறை சொன்னாள். நான் மறுக்கவில்லை. இறங்கியது, என் மடியில்தான் இறங்கியது.

பிறகென்ன, வாசல் திறந்துவிட்டது. சாயங்கால பஸ்ஸில் நர்சம்மாவும் ஏகாம்பரமும் கோமளாவும் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழி நெடுக நர்சம்மா சொம்பை மடியில் வைத்துக்கொண்டு கொடுத்துக்கொண்டே போனாளாம். தோஷம் இறங்கின பிறகு யார் கையாலும் கொடுக்கலாமே. அங்கே பாட்டில் ஏற்றினார்கள். தேவகி பிழைத்துவிட்டாள்.

நான்தான் ஜுரம் வந்து படுத்துவிட்டேன். இரண்டு வாரமாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணாததற்கு அதுதான் காரணம். ஈரப் புடவையால் வந்தது என்றார் என் வீட்டுக்காரர். பயத்தால் வந்தது என்று எனக்குத் தெரியும்.

ஏகாம்பரம் மறுபடி பால் கொண்டுவருகிறார். முன்பெல்லாம் கோமளா சந்தைக்கு வரும்போது குழந்தையோடு வந்து ஒரு வாய்க் காப்பி குடித்துவிட்டுப் போவாள். இப்போது வருவதில்லை. ஒரு நாள் கடைத்தெருவில் எதிரே பார்த்தேன். இடுப்பில் தேவகி, கொழுக்கென்று. எனக்குக் கை துறுதுறுத்தது. கோமளா முந்தானையை இழுத்துக் குழந்தையை மூடிக்கொண்டு எதிர்சாரிக்குப் போய்விட்டாள். அவளிடம் போய், சாவு எதுவும் போகவில்லையடி, அது பொய் என்று சொல்லலாம். சொன்னால், அடுத்த முறை பேதி என்றால் என் கைத்தண்ணீர் வாங்குவார்களா? அடுத்த முறை வராமலா இருக்கும், இந்த வெயிலில்?

ரொம்ப வலிக்கிறது, வாசகர்களே. மறைத்து என்ன ஆகப் போகிறது?

நேற்று காலை கேட்டுக்கு வெளியே இன்னொருவர் நின்றார். முன்பின் தெரியாத முகம். செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு... "அம்மா, நீங்க ஒரு தபா எங்க வூட்டுக்கு வரணும்."

அவர் சொன்ன ஊருக்கு நான் போனதே இல்லை. பஸ்ஸில் கூடத் தாண்டியதில்லை. அவர் குழந்தையை நான் கண்ணால் பார்த்ததில்லை. அதைச் சொன்னேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "தெரியும்மா. கொயந்தைக்குப் பேதி, வூட்ல யார் கையாலயும் தண்ணி குடுக்க வுட மாட்டேன்றாங்க. அதான்... சந்தையில நீங்க கொயந்தையத் தொட்டுட்டீங்கன்னு நான்தான் பொய் சொல்லிட்டு வந்துக்கீறேன்."

பார்த்தீர்களா? எனக்குப் போட்டியாக ஒரு கதாசிரியர்.

அந்தக் குழந்தையும் பிழைத்துவிட்டது, பதறாதீர்கள். ஆனால் கேரியரில் போகும்போது அவர் முதுகைப் பார்த்து ஒன்று கேட்டேன். "போய்ச் சேர்றதுக்குள்ள குழந்தைக்கு ஏதாவது ஆயிருந்தா, வீட்ல என்ன சொல்லுவீங்க?"

அவர் ஒரு பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு மிதித்தார்.

"அப்பயும் நீங்கதாம்மா" என்றார்.

இன்று காலை பாலோடு பச்சையம்மா ஒரு சொம்பு கொடுத்தனுப்பியிருக்கிறாள்... தோஷத் தண்ணீர் விட, என் கைக்கென்று தனியாக.